நாலரை விரல் பதிஞ்ச கொய்யா

நெசமா பொய்யான்னு யாரையும் கேக்க வேண்டாம், கொய்யாவக் கேட்டாப் போதும்; அதுதான் எல்லாத்தையும் தோலு மேலயே எழுதி வச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்துச்சு. பழனிக்கு மேக்க, மலையடிவாரத்துல, ஆறுங்கற பேர மட்டும் வச்சுக்கிட்டுத் தண்ணிய மறந்துபோன ஒரு ஆத்தங்கரையில வரட்டாத்துப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருல மார்கழிக் கடைசியில ஒரு செவ்வாக்கெழம, பறிச்ச கொய்யாவுல எல்லாம் பறிச்ச கையி அப்படியே பதிஞ்சு வந்துச்சு. பறிக்கறப்ப இல்ல, பெட்டியில அடுக்கறப்ப இல்ல. பறிச்சதுக்கு மக்கா நாளு, வெயிலு உச்சிக்கு ஏறுற நேரத்துல, மருதாணி செவக்கற மாதிரி மெதுவா, மொதல்ல உள்ளங்கை, அப்பறம் வெரலு, அப்பறம் ரேகை, கடைசியில நகத்துக்கடியில இருந்த அழுக்குன்னு ஒண்ணொண்ணா ஏறி வந்து உக்காந்துக்குச்சு. பழம் சின்னது, கை பெருசு, எப்பிடிப் பத்தும்னு கேப்பீங்க. கை சுருங்கிக்குச்சு. அவ்வளவுதான்.

அத மொதல்ல பாத்தவ பஞ்சவர்ணம். பழனி பஸ் ஸ்டாண்டுல கொய்யாவ நாலாக் கீறி, உப்பும் மொளகாப் பொடியும் தடவி விக்கறவ. அவ மத்தியான பஸ்ஸப் புடிச்சு, கூடையத் தலையில வச்சுக்கிட்டு, நேரா கொய்யாக்காட்டுக்கே வந்து, மரத்தடியில கஞ்சி குடிச்சிட்டிருந்த மாராத்தா முன்னால தொப்புன்னு எறக்கி வச்சா.

"ஏண்டி மாராத்தா, உன் கை பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்திருக்குடி. நீ எப்ப வர்றே?"

மாராத்தா எட்டிப் பாத்தா. கூடை நெறையக் கை. பச்சையும் மஞ்சளுமா இருந்த பழத்து மேல கறுத்த கை. அதுல பல பழத்துல சுண்டு வெரலு பாதிதான் இருந்துச்சு. ஜில்லாவுலயே அப்பிடி ஒரு கை ஒருத்திக்குத்தான். மாராத்தாளோட எடது சுண்டு வெரல்ல பாதிய, அவ பதினெட்டு வயசுல ஒரு கரும்பு ஆலை வாங்கி வச்சுக்குச்சு. அன்னையில இருந்து ஊருல அவளுக்கு நாலரை வெரலுன்னு ஒரு பட்டம். எடது கையில கெளையப் புடிச்சு வளச்சு, அதே கையால பழத்தத் திருகி எடுக்கறது அவ பழக்கம். இப்ப அந்தப் பழக்கம் கூடையில உக்காந்து அவளையே பாத்துச்சு.

"பழம் வாங்க வந்த ஒருத்தரு கேட்டாரு, இதென்னம்மா கையின்னு. வெளைஞ்ச மண்ணு அப்பிடிங்கன்னேன். மோந்து பாத்தாரு. மோந்து பாத்துட்டு, மண்ணு இல்லம்மா இது, எரும மாடுன்னாரு"ன்னா பஞ்சவர்ணம்.

"காலையில சாணி அள்ளிப் போட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்"ன்னா மாராத்தா. "எருமைய நல்லா மோந்து பழகுன மனுசன் போலருக்கு."

சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கூடைக்குள்ள கைய விட்டு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தா. மாராத்தாளோட சேந்து பறிப்புக்குப் போறது மொத்தம் பதினோரு பொம்பளைங்க. பதினோரு வருசமா ஒண்ணாப் பறிக்கறாங்க, ஒண்ணாச் சண்டை போடறாங்க, ஒருத்திக்கு ஒடம்புக்கு முடியலேன்னா அவ வரிசைய மத்தவங்க பகுந்துக்கறாங்க. இந்தக் கொய்யாக்காடு போச்சுன்னா பதினோரு அடுப்பும் ஒரே நாள்ல அணையும். கூடையில தன் கைய மட்டும் இல்ல, எல்லாருத்து கையையும் அவ அடையாளம் கண்டுக்கிட்டா. பாப்பாத்தியோட வெத்தலச் சுண்ணாம்பு வெள்ள வெரலு. காளியக்காளோட பொடி மணக்கற கட்ட வெரலு. ஆராயியோட கை. அந்த ஆராயி பேசவே மாட்டா, வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசுனா அதிகம். அவ கையும் அவள மாதிரியே, பதிஞ்சும் பதியாம, புகை மாதிரி நின்னுச்சு. அப்பறம் வேற ஒரு நெறத்துலயும் சில கை இருந்துச்சு. அது என்ன நெறம்னு சொல்லல, சாப்புடுற நேரத்துல யாராவது கேட்டுட்டிருப்பீங்க.

ஊரு என்ன பண்ணுச்சுன்னா, மொதல் நாளு வாயப் பொளந்துச்சு, ரெண்டாம் நாளு வரிசையில நின்னு பாத்துச்சு, மூணாம் நாளு அத வச்சுக் காரியம் பாக்க ஆரம்பிச்சிருச்சு. கைரேகை பாக்கற சோசியர் ஒருத்தரு சந்தை வாசல்ல சாக்க விரிச்சு, கொய்யாவப் பாத்தே பலன் சொன்னாரு. ஆளு வர வேண்டியதில்ல, பழம் வந்தாப் போதும்னாரு. மகனுக்குப் பொண்ணு தேடிட்டிருந்த ஒரு அம்மா, ஆயுள் ரேகை நீளமா இருந்த ஒரு பழத்த எடுத்துக்கிட்டு, இந்தக் கைக்காரி யாரு யாருன்னு வீடு வீடாக் கேட்டு வந்து, கடைசியில அது ஏற்கெனவே பேரன் எடுத்த நாகக்கா கையின்னு தெரிஞ்சு, பழத்தக் கோவத்துல கடிச்சுத் தின்னுட்டு, வயித்தால போயி மூணு நாளு வேலியோரத்துலயே குடியிருந்தா. பஞ்சாயத்து கிளார்க்கு, வேலைக்கு வந்தவங்க வராதவங்கன்னு கணக்கெடுக்க ரேகை உருட்டற நோட்ட மூடி வச்சிட்டு ஆளுக்கொரு கொய்யாவ அலமாரியில அடுக்குனாரு. அலமாரியில அணில் பூந்ததுல பாதி ஊருக்கு ஆப்சென்ட்டு. அந்த அணிலும் கை பதிஞ்ச பழத்தத் தொடல, இன்னும் கை ஏறாத புதுப் பழத்த மட்டும் பாத்துப் பாத்துக் கொறிச்சிட்டுப் போச்சு. ஊருல மனுசனத் தவிர எல்லாத்துக்கும் புத்தி வந்துருச்சு. மாரியம்மன் கோயில்ல ஒரு கொய்யாவ வச்சு, ஆத்தா கை பதிஞ்சிருக்குன்னு மஞ்சப் பூசி குங்குமம் வச்சு சூடம் காட்டிட்டிருந்தாங்க. மாராத்தா கூட்டத்த வெலக்கிட்டுப் போயி எடது கையத் தூக்கிக் காட்டுனா.

"எண்ணிப் பாருங்க. நாலரை. ஆத்தாளுக்கு எந்தக் கரும்பாலையிலயும் வெரலு போகல. இது என் கை, எங்க எருமையோட வேல. கும்புடறதுன்னா எருமையக் கும்புடுங்க, பாலாவது குடுக்கும்."

பூசாரி சூடத்த அணச்சிட்டாரு. ஆனா குங்குமத்த அழிக்கல, ஒருவேளை எருமைக்கே சக்தி இருந்தாலும் இருக்கும்னு.

இத்தனைக்கும் நடுவுல நிம்மதி இல்லாத ஒரே ஆளு, காட்டுக்குச் சொந்தக்காரரு தெய்வசிகாமணி. ஊருக்கே பண்ணாடி. நாப்பது ஏக்கரா கொய்யாவும் அவருதுதான். தை பொறந்து ஏழாம் நாளு, மெட்ராஸ்ல கண்ணாடிக் கதவு போட்ட கடைகளுக்குப் பழம் அனுப்பற கம்பெனியில இருந்து ஆளு வந்து காட்டப் பாத்துட்டுப் போறதா இருந்துச்சு. பாத்துப் புடிச்சுப் போனா வருசம் பூராப் பழம் அங்கதான். அவரு பதினோரு பேரையும் களத்துல வரிசையா நிக்க வச்சாரு.

"ஏ புள்ளைங்களா, கைய நீட்டுங்க."

நீட்டுனாங்க. எட்டி நின்னே பாத்தாரு.

"கையா இது? கருமம். உங்க அழுக்கு என் பேருல ஊர்வலம் போகுது. கம்பெனிக்காரங்க வர்ற அன்னைக்கு ஒரு பழத்துல ஒரு வெரலு தெரிஞ்சுது, மொத்தப் பேரும் வேலைக்கு வர வேண்டாம். வெளியூருல இருந்து வேன்ல ஆளு எறக்கிக்கறேன்."

"கழுவிட்டுப் பறிக்கறோமுங்க பண்ணாடி"ன்னா மாராத்தா. "தண்ணி குடுங்க."

மத்த பத்து பேரும் திரும்பி அவளையே பாத்தாங்க. ஏன்னா அந்தத் தண்ணிக்கு ஒரு கதை இருக்கு. காட்டு நடுவுல எரும மாடு நாலு சேந்து நீச்சலடிக்கற அளவுக்கு ஒரு தொட்டி. போர்த் தண்ணி எந்நேரமும் கொட்டிட்டே இருக்கும். மாடு குடிக்கும், காக்கா குளிக்கும், பண்ணாடி வீட்டுக்குக் குழாப் போட்டு அங்க இருந்துதான் தண்ணி போகும். ஆனா காலனிப் பொம்பளைங்க கை மட்டும் அதுல படக்கூடாது. யாரும் போர்டு எழுதி வைக்கல, எழுதி வச்சா போலீஸ் வரும். எழுதாம இருந்ததால அது அழியவே இல்ல. தாகமெடுத்தா காவக்காரன் குப்புராசு சொம்புல மோந்து ரெண்டடி ஒசரத்துல இருந்து ஊத்துவான், இவங்க குனிஞ்சு கையக் குவிச்சுக் குடிக்கணும். ஒதுங்கறதுக்கு வேலிக்கு அந்தப்பக்கம் சீமக்கருவேலங்காடு. போயிட்டு வந்தா கை தொடைக்க எல, மண்ணு, சீலத் தலப்பு. அதே கையோட வந்து கொய்யா பறிக்கணும். தண்ணியத் தொடக்கூடாத கையி பழத்தத் தொட்டாப் பரவால்ல. தண்ணிய பண்ணாடி குடிப்பாரு, பழத்த யாரோதான திங்கறாங்க.

"ஊத்தச் சொல்றேன்"ன்னாரு பண்ணாடி.

குப்புராசு ஊத்துனான். ரெண்டடி ஒசரத்துல இருந்து, பல்லு வெளக்கறதுக்குக்கூடப் பத்தாத அளவுக்கு, ஆளுக்கு ஒரு சொட்டு அதிகமாப் போயிரக்கூடாதுன்னு கவனமா ஊத்துனான். மக்கா நாளு உச்சிப் பொழுதுல கை பதிஞ்சுதான் இருந்துச்சு, கூடவே தண்ணி ஒழுகுன கோடும் சேந்து, கை அழுதிட்டிருக்கற மாதிரி.

அப்பறம் கையொற வாங்கிட்டு வந்தாரு, செவப்பு ரப்பர்ல. அதப் போட்டுக்கிட்டே மூக்கச் சொறிஞ்சாங்க, வெத்தல போட்டாங்க, வேலிக்கு அந்தப்பக்கம் போயிட்டு வந்தாங்க, அதோடயே பறிச்சாங்க. மக்கா நாளு பழமெல்லாம் கரடி கை. கரடி புடிச்ச பழம்னு நெனச்சு மலையடிவாரத்துல ரெண்டு நாளு யாரும் வெறகுக்குப் போகல.

"கையொறைக்குள்ள கை சுத்தமா இருக்குதுங்க பண்ணாடி"ன்னா மாராத்தா. "பழந்தான் வெளிய இருக்குது."

அப்பத்தான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சு. அந்த மாதிரி யோசனை அவரு மாதிரி ஆளுக்குத்தான் வரும். கையக் கழுவ விட்டாத்தான தொட்டி தீட்டாகும்? பழத்தக் கழுவிட்டா? பறிச்ச பழம் அத்தனையையும் தொட்டியில கொட்டச் சொன்னாரு. இவங்க தொடல, குப்புராசுதான் பெட்டி பெட்டியா எடுத்துக் கொட்டுனான். ஆயிரக்கணக்குல கொய்யா தண்ணியில உருண்டு பொரண்டு முங்கி எந்திரிச்சுது. பண்ணாடி மீசையத் தடவிக்கிட்டு நின்னாரு. மாராத்தா கையக் கட்டிக்கிட்டு நின்னா.

"ஏங்க்கா சும்மா நிக்கறே, சொல்லக் கூடாதா?"ன்னு காதோரம் கேட்டா பாப்பாத்தி.

"என்னத்தச் சொல்ல? பதினோரு வருசமா நம்ம கைய அந்தத் தண்ணியில விடலேல்ல. இன்னைக்கு அவரே விடறாரு. பாக்கட்டும் விடு."

மக்கா நாளு உச்சிப் பொழுது வந்துச்சு. முன்னெல்லாம் ஒரு பழத்துக்கு ஒரு கை. இப்ப ஒவ்வொரு பழத்துலயும் பதினோரு கை, ஒண்ணு மேல ஒண்ணு, திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு. ஒரு பழத்து அழுக்கத் தண்ணி வாங்கி மத்த பழத்துக்கெல்லாம் பந்தி பரிமாறிருச்சு. அதோட நிக்கல. தொட்டிச் செவுத்துல கை. தண்ணி குடிச்ச காளையோட தாடையில கை. குளிச்சிட்டுப் போன காக்காயோட றெக்கையில ஒரு பொடி வெரலு. அதே பொழுதுல பண்ணாடி வீட்டுல அவரு சம்சாரம் வசந்தாமணி, புது ரவிக்கைக்கு அளவு குடுக்கத் திரும்பி நின்னிருக்கறா. டேப்பப் புடிச்சிட்டிருந்த தையக்காரப் பொண்ணு அப்பிடியே நின்னுட்டா.

"என்னடி, அளவு மறந்துபோச்சா?"

"இல்லீங்க்கா. உங்க முதுகுல நாலரை வெரலு இருக்குதுங்க."

தட்டிக் குடுக்கற மாதிரி இருந்துச்சாம் அது, முதுகு நடுவுல, முழுக் கையி, சுருங்காம. வசந்தாமணி ரெண்டு கண்ணாடி வச்சுத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, கத்திக்கிட்டே வாசலுக்கு ஓடியாந்தா. வாசல்ல பண்ணாடி நின்னிட்டிருந்தாரு. காலையில தொட்டித் தண்ணியிலதான் மொகம் மழிச்சாரு. அவரோட எடது கன்னத்துல பளிச்சுன்னு அஞ்சு வெரலு, யாரோ ஓங்கி ஒண்ணு விட்ட மாதிரி.

தையக்காரப் பொண்ணு டேப்பக் கழுத்துல போட்டுக்கிட்டே தெருவுல எறங்குனா, டீக்கடைக்குப் போறதுக்கு முன்னயே ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. கன்னத்துல இருக்கறது யாரு கையின்னுதான் கேள்வி. ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. மாராத்தா வந்து ஒரே பார்வைதான் பாத்தா. பதிஞ்சும் பதியாம, புகை மாதிரி.

"ஆராயி கை"ன்னா.

ஊரே திரும்பி ஆராயியப் பாத்துச்சு. வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசறவ பண்ணாடியக் கன்னத்துல விட்டுட்டாளேன்னு பஸ்ஸுல வர்றவங்க எறங்கி நின்னு பாத்துட்டுப் போனாங்க. ஆராயி தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டா, கைக்கே தெரியாம அது எங்கயாவது போயிட்டு வந்திருக்குமோன்னு சந்தேகம் வந்த மாதிரி.

பண்ணாடி அதுக்கப்பறம் பகல்ல வீட்ட விட்டு வெளிய வரல. வசந்தாமணிதான் வந்தா. அடுத்த நாளு காலையில, முதுக முழுசா மூடி முந்தானையப் போத்திக்கிட்டு, காட்டுக்கு நடந்தே வந்தா. பதினோரு வருசத்துல அவ அந்தப் பக்கம் வந்தது அதான் மொதத் தடவ.

"மாராத்தா, இது எப்படிப் போகும்?"

"கையக் கழுவுனாப் போகுமுங்க பண்ணாடிச்சி."

"என் கை சுத்தமாத்தான இருக்குது."

"உங்க கை இல்லீங்க, எங்க கை. கழுவத் தண்ணி கெடைக்காத கையி, தண்ணி போற எடமெல்லாம் தேடிப் போகும் போல. உங்க முதுகு வரைக்கும் தேடி வந்துருச்சு."

வசந்தாமணி முந்தானைய இறுக்கிக்கிட்டா. "அந்த மனுசன் அன்னைக்கே ஒரு குழாயத் தெறந்து விட்டிருந்தா என் முதுகு தப்பிச்சிருக்கும்"ன்னா. "என்ன வேணும், சொல்லு."

மாராத்தா யோசிக்கவே இல்ல, பதினோரு வருசமா யோசிச்சு வச்சிருந்தா. "குழா ஒண்ணு. நாங்களே தெறக்கற குழா, ஊத்தற சொம்பு வேண்டாம். சோப்பு. கதவு வச்ச கக்கூசு ரெண்டு, உள்ள தண்ணி, உள்பக்கம் தாப்பா. காட்டுக்குள்ள, வேலிக்கு இந்தப்பக்கம். மருந்தடிக்கற குப்புராசுக்கு வேற துணி, வேற வாளி; அவன் மருந்தடிச்ச நீலக் கையோட அன்னைக்குப் பெட்டியத் தூக்குனதுல எத்தன பழத்துல நீல வெரலு தெரியுமுங்களா? அப்பறம் அந்தத் தொட்டிய வடிச்சு, தேச்சு, சுண்ணாம்படிச்சுக் காய விடணும். மாட்டுக்கு வேற தொட்டி வையுங்க, பாவம் அது தாடைய எங்க கொண்டு போயி வைக்கும்."

அடுத்த நாளே கொத்தனாரு வந்துட்டாரு. பண்ணாடி வீட்டுக்குள்ள இருந்தே ஒரே ஒரு உத்தரவு போட்டாரு: தொட்டிக்குப் பக்கத்துல குழா கூடாது, தள்ளிப் போடு, முருங்க மரத்தோரம். கொத்தனாரு தயங்கித் தயங்கி வந்து சொன்னாரு.

"போடுங்கண்ணே"ன்னா மாராத்தா. "தொட்டி வடிஞ்சு காஞ்சு கெடக்கு. காட்டுல தண்ணி இப்ப நம்ம குழாயிலதான் வரும். எங்க வச்சாலும் அதான் நடு."

குழா வந்தும் ஒரு சிக்கல் இருந்துச்சு. சோப்பத் தொட்டுட்டு ஓடுனவங்க கையி பழத்துல வெளுத்த மாதிரி பதிஞ்சுது. நின்னு தேச்சவங்க கை பதியவே இல்ல. எவ்வளவு நேரம் தேய்க்கணும்? கடியாரம் கெடையாது. மாராத்தாதான் ஒரு வழி கண்டா. தேய்க்க ஆரம்பிச்சா பதினோரு பேரு பேரையும் ஒண்ணொண்ணாச் சொல்லணும், அவசரப்படாம, ஒரு பேருக்கு ஒரு வெரலு, வெரலு முடிஞ்சா உள்ளங்கை, அப்பறம் நகம். மாராத்தா, தொப்பாயி, வெள்ளத்தாயி, நாகக்கா, காளியக்கா, செவந்தி, ஆராயி, பாப்பாத்தி, மலரு, செங்கா, குட்டியம்மா. கடைசிப் பேரு சொல்லி முடிக்கறப்பக் கை முடிஞ்சிருக்கும். சண்டை போட்டுப் பேசாம இருந்தவளுக கூடக் கை கழுவறப்ப ஒருத்தி பேர ஒருத்தி சொல்லித்தான் ஆகணும். செங்காளும் தொப்பாயியும் ரெண்டு வருசப் பகைய முருங்க மரத்தடியில அப்பிடித்தான் தொலைச்சாங்க. விடிஞ்சதும் காட்டுல கிளி சத்தத்துக்கு முன்ன அந்தப் பேருங்கதான் கேக்கும். ரெண்டு நாள்ல கிளியும் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. பழத்துல கை பதியறது நின்னுபோச்சு. கொய்யா கொய்யா மாதிரியே இருந்துச்சு, பாத்தவங்களுக்கு அதுவே பெரிய அதிசயமாப் போச்சு.

தை ஏழாம் நாளு கம்பெனிக்காரங்க வந்தாங்க. கம்பெனிக்காரங்கன்னா ஒரே ஒரு பொண்ணுதான், ரெஹானான்னு பேரு, தோள்ல ஒரு பை, கையில ஒரு அட்டை, அதுல நெறையக் கட்டம். வந்ததும் பழத்தப் பாக்கல. கக்கூச எட்டிப் பாத்துச்சு, தாப்பாவப் போட்டுப் பாத்துச்சு, குழாயத் தெறந்து சோப்ப மோந்து பாத்துச்சு, காஞ்ச தொட்டியில வெரல வச்சு இழுத்துப் பாத்துச்சு. கட்டத்துல எல்லாம் டிக்கு. பண்ணாடி அன்னைக்குத்தான் பகல்ல வெளிய வந்திருந்தாரு, வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, கன்னத்துல கையி லேசா மங்கி, பவுடர் போட்டு மறைச்சு.

முந்துன நாளு பறிச்ச பழம் பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருந்துச்சு. வெயிலு உச்சிக்கு ஏறிட்டிருந்துச்சு. பதினோரு பேரும் வரிசையா நின்னாங்க. மாராத்தா வெளிய சிரிச்ச மூஞ்சியா நின்னாலும், முந்தானைக்குள்ள அந்த நாலரை வெரலும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெஹானா மொதப் பெட்டியத் தெறந்துச்சு.

மேல் வரிசையில, ஒவ்வொரு பழத்துலயும், கை.

வேன் வந்து நிக்கற சத்தம் மாராத்தாளுக்குக் காதுல கேட்ட மாதிரி இருந்துச்சு. பண்ணாடி திரும்பி, "பாத்தியா, பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்"னு ஆரம்பிச்சாரு. மாராத்தா குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு நிமுந்தா. நிமுந்தவ மூஞ்சியில இப்ப நெசமாவே சிரிப்பு.

"ரெண்டாம் வரிசையப் பாருங்கம்மிணி."

ரெஹானா மேல் வரிசைய எடுத்து வச்சுட்டுப் பாத்துச்சு. ரெண்டாவதுல ஒண்ணுமில்ல. மூணாவதுல ஒண்ணுமில்ல. எல்லாப் பெட்டியிலயும் மேல் வரிசையில மட்டுந்தான் கை. தடிச்ச கை, முழுசா அஞ்சு வெரலு, மோதர வெரல்ல பெரிய கல்லு வச்ச மோதரத்தோட அச்சு, மூக்குப்பொடி மணம்.

"யாரு மேல அடுக்குனது?"ன்னு கேட்டுச்சு ரெஹானா.

எல்லாக் கண்ணும் போன எடத்துக்கு அதுவும் திரும்பிப் பாத்துச்சு. பண்ணாடி கைய வேட்டிக்குப் பின்னால கொண்டு போனாரு.

"கண்ணுக்கு நல்லாருக்கட்டும்னு, நேத்து ராத்திரி நாந்தான், நல்ல பழமாப் பாத்து..."

"கை கழுவிட்டு அடுக்குனீங்களா சார்?"

"நான் எதுக்கும்மா கழுவணும்? நான் பண்ணாடி."

"பழத்துக்கு அது தெரியாதே சார்"னுச்சு அந்தப் பொண்ணு, கோவமே இல்லாம. அட்டையில ஒரு கட்டத்த மட்டும் விட்டுட்டுப் பேனாவ மூடிக்கிச்சு. "பழத்தத் தொடற எல்லாரும் கழுவணும். நீங்க கழுவறத நான் பாக்கணும். பாத்துட்டுத்தான் கையெழுத்து."

பண்ணாடி பழக்கதோசத்துல தொட்டிப் பக்கம் ரெண்டடி வச்சாரு. தொட்டி காஞ்சு வெள்ளையாச் சிரிச்சுது. காட்டுல தண்ணி முருங்க மரத்தோரம்தான். அங்க, மத்தியானக் கஞ்சிக்கு முன்ன கை கழுவ, பதினோரு பேரும் ஏற்கெனவே வரிசையில போயி நின்னாச்சு.

"குப்புராசு, சொம்ப எடுத்தா"ன்னாரு.

"ஊத்துனாப் போகாதுங்க பண்ணாடி"ன்னா மாராத்தா. "நீங்கதான் சோதிச்சே பாத்துட்டீங்க. கை அழுதிட்டேதான் இருக்கும். வாங்க, கடைசியில நில்லுங்க. குட்டியம்மா, கொஞ்சம் தள்ளி எடம் விடு."

நின்னாரு. பன்னெண்டாவது ஆளா நின்னாரு. பதினோரு பேரும் ஒவ்வொருத்தியாத் தெறந்து, தேச்சு, பேரச் சொல்லி, மூடிட்டு ஒதுங்குனாங்க, ஒருத்தியும் அவருக்காக அவசரப்படல. அவரு முறை வந்துச்சு. குழாயப் பாத்தாரு. பதினோரு கை தெறந்த குழா, ஈரம் சொட்டிட்டிருந்துச்சு. பதினோரு கை தேச்ச சோப்பு, நொரையோட இருந்துச்சு. பின்னால ரெஹானா பேனாவோட நின்னுச்சு. அதுக்கும் பின்னால வசந்தாமணி, எப்ப வந்தாளோ, முதுக மூடிக்கிட்டு நின்னா.

தெறந்தாரு. குழா ஒண்ணும் இடிஞ்சு விழல.

"பேரச் சொல்லிக்கிட்டே தேய்ங்க"ன்னா மாராத்தா.

"யாரு பேர?"

"எங்க பேரத்தான். அப்பத்தான் அளவு சரியா வரும்."

பதினோரு வருசமா அவருக்கு இவங்க எல்லாரும் ஏ புள்ளதான். ஆனா அத்தன நாளா வீட்டுக்குள்ளயே கெடந்தவரு காதுல வேற என்ன விழுந்திருக்கும்? கிளி சொன்னதெல்லாம் விழுந்திருந்துச்சு. மெதுவா ஆரம்பிச்சாரு. "மாராத்தா." கட்ட வெரலு. "தொப்பாயி. வெள்ளத்தாயி. நாகக்கா." நொர வந்துச்சு. "காளியக்கா. செவந்தி."

நின்னுட்டாரு. ஏழாவது பேரு வரல. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. முருங்க மரத்துல இருந்த கிளி வேணும்னே வாய மூடிக்கிச்சு. யாரும் எடுத்துக் குடுக்கல. அப்பறம் அவரு கை தானா மேல போயி, பவுடருக்கடியில இன்னும் மங்கலாத் தெரிஞ்ச அந்த அஞ்சு வெரலத் தொட்டுச்சு. நொர கன்னத்துல ஒட்டுச்சு.

"ஆராயி"ன்னாரு.

வரிசையில இருந்து ஒரு அடி முன்னால வந்தா ஆராயி. அந்த வருசத்துக்கான வார்த்தைய அவ இன்னும் செலவு பண்ணாம வச்சிருந்தா. மொத்தத்தையும் எடுத்தா.

"மூஞ்சியத் தொட்ட கையி. மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க."